கல்லீரல் அழற்சி சி சோதனைகளில் முரண்படும் முடிவுகள்

கல்லீரல் அழற்சி சி சோதனைகளில் முரண்படும் முடிவுகள் என்பது, ஒரே மனிதரிடம் செய்யப்பட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இரத்தச் சோதனைகளுள் ஒன்று தொற்று உண்டு எனவும் மற்றொன்று தொற்று இல்லை எனவும் காட்டும் நிலையைக் குறிக்கும். ஹெப்படைட்டிசு சி எனப் பரவலாக அறியப்படும் இந்நோயைக் கண்டறிய முதன்மையாக இரு வகைச் சோதனைகள் பயன்படுகின்றன. நோய்க்குக் காரணமான தீநுண்மிக்கு எதிராக உடல் உருவாக்கிய பிறபொருளெதிரிகளைத் தேடுவது ஒன்று. தீநுண்மியின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.யை நேரடியாகத் தேடுவது மற்றொன்று. இவை வெவ்வேறு பொருள்களை அளப்பவை. ஆகவே இவற்றின் முடிவுகள் வேறுபடுவது பெரும்பாலும் ஆய்வகத்தின் பிழையன்று. நோயின் போக்கில் அம்மனிதர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதையே அவ்வேறுபாடு காட்டுகிறது. ஆயினும் உண்மையான பிழைகளும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவது முக்கியமானது. தொற்று உள்ளவரை இல்லை எனக் கருதி விட்டுவிட்டால் பல ஆண்டுகளுக்குப் பின் கல்லீரல் இழைநார் வளர்ச்சியோ கல்லீரல் புற்றுநோயோ தோன்றக்கூடும். தொற்று இல்லாதவரை உண்டு எனக் கருதினால் அவர் தேவையற்ற அச்சத்துக்கும் சமூக விலக்கலுக்கும் ஆளாகிறார்.

இரு சோதனைகள், இரு கேள்விகள்

பிறபொருளெதிரிச் சோதனை கேட்கும் கேள்வி, "இவ்வுடல் எப்போதாவது இத்தீநுண்மியை எதிர்கொண்டதா?" என்பதாகும். ஆர்.என்.ஏ. சோதனை கேட்கும் கேள்வி, "இப்போது தீநுண்மி இரத்தத்தில் உள்ளதா?" என்பதாகும். முதற் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாம் கேள்விக்கு இல்லை என்றும் விடை கிடைப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஓர் ஊரில் வெள்ளம் வந்து வடிந்தபின் சுவரில் நீர்க்கோடு எஞ்சியிருப்பதைப் போன்றது அது.

தொற்று ஏற்பட்டோருள் ஏறத்தாழ 15 முதல் 45 விழுக்காட்டினர், மருந்து எதுவும் இன்றி, பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் தீநுண்மியைத் தாமாகவே வென்றுவிடுகின்றனர். ஏனையோரில் தொற்று நாட்பட்டதாகிறது. இரு சாராரிடமும் பிறபொருளெதிரிகள் பல ஆண்டுகள் நிலைத்திருக்கின்றன. மருந்தால் குணமடைந்தவரிடமும் அவ்வாறே. ஆகவே பிறபொருளெதிரிச் சோதனையை மட்டும் கொண்டு ஒருவர் நோயாளியா, குணமடைந்தவரா என்று கூற இயலாது.

இங்கு கல்லீரல் அழற்சி பி நோயுடன் ஏற்படும் குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். அந்நோயில் மேற்பரப்புப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி இருப்பது பாதுகாப்பின் அடையாளம். தடுப்பூசி போட்டுக்கொண்டவரிடமும் அது காணப்படும். கல்லீரல் அழற்சி சி நோய்க்கு இதுவரை தடுப்பூசி இல்லை. அதன் பிறபொருளெதிரி பாதுகாப்பும் அளிப்பதில்லை. குணமடைந்தவருக்கு மீண்டும் தொற்று ஏற்படலாம். இரு நோய்களின் சோதனைகளும் ஒரே அறிக்கைத் தாளில் அடுத்தடுத்து அச்சிடப்படுவதால், ஒன்றின் பொருளை மற்றொன்றுக்கு ஏற்றிப் படிப்பது எளிதில் நிகழும் தவறாகும்.

சோதனைகளின் வரலாறு

1970களில் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றிய ஆர்வி ஆல்டரும் அவருடைய குழுவினரும், இரத்தம் ஏற்றிக்கொண்டோருக்கு வரும் கல்லீரல் அழற்சியில் பெரும்பகுதி ஏ வகையும் அன்று, பி வகையும் அன்று எனக் கண்டனர். பெயரிடப்படாத அந்நோய் நெடுங்காலம் "ஏ அல்லாத, பி அல்லாத" அழற்சி என்றே அழைக்கப்பட்டது. 1989 இல் கைரான் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஆட்டன், குய்-லிம் சூ, சியார்ச் குவோ ஆகியோரும், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் டேனியல் பிராட்லியும் தீநுண்மியின் மரபுப்பொருள் துண்டைப் படியாக்கம் செய்து அதனை அடையாளம் கண்டனர். தீநுண்மியை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு முன்பே அதற்கான சோதனை உருவாகிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது. இத்தீநுண்மி தனித்தே நோயை உண்டாக்க வல்லது என்பதை 1997 இல் சார்லசு ரைசு சிம்பன்சிகளில் மெய்ப்பித்தார். ஆல்டர், ஆட்டன், ரைசு ஆகிய மூவருக்கும் 2020 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

முதல் தலைமுறை எலைசா சோதனை 1990 இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. அது தீநுண்மியின் ஒரே ஒரு புரதத் துண்டை மட்டும் தூண்டிலாகக் கொண்டிருந்தது. அத்துண்டுக்கு எதிரான பிறபொருளெதிரி உடலில் தாமதமாகவே தோன்றும். சிலரிடம் தோன்றுவதே இல்லை. ஆகவே தொற்று உள்ள பலரை அச்சோதனை தவறவிட்டது. மறுபுறம், அத்துண்டு நொதுமச் செல்களில் மனிதப் புரதம் ஒன்றுடன் இணைத்துத் தயாரிக்கப்பட்டது. அம்மனிதப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி உடையோரும், தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி உடையோரும் தொற்று இல்லாமலேயே நேர்மறை முடிவு பெற்றனர். 1992 இல் வந்த இரண்டாம் தலைமுறைச் சோதனையிலும், 1990களின் நடுப்பகுதியில் வந்த மூன்றாம் தலைமுறைச் சோதனையிலும் தீநுண்மியின் வேறு பகுதிகளும் சேர்க்கப்பட்டதால் இக்குறைகள் பெருமளவு நீங்கின.

நேர்மறை முடிவை உறுதிசெய்வதற்காக ரிபா எனப்பட்ட பட்டைச் சோதனை பயன்பட்டது. ஒரு தாள்பட்டையில் தீநுண்மியின் பல புரதத் துண்டுகள் தனித்தனிக் கோடுகளாக இடப்பட்டிருக்கும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கோடுகள் நிறம் மாறினால் முடிவு நேர்மறை. எதுவும் மாறாவிட்டால் எதிர்மறை. ஒரு கோடு மட்டும் மாறினால் "தீர்மானிக்க இயலாதது". இந்த மூன்றாம் விடை பலரை ஆண்டுக்கணக்கில் ஐயத்தில் ஆழ்த்தியது. பின்னர் ரிபா சோதனையின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. 2013 இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் தன் வழிகாட்டுதலை மாற்றி, பிறபொருளெதிரி நேர்மறை எனில் அடுத்து ஆர்.என்.ஏ. சோதனையே செய்ய வேண்டும் என அறிவித்தது. பழைய மருத்துவக் கோப்புகளில் "ரிபா தீர்மானிக்க இயலாதது" என்ற குறிப்பை இன்றும் காணலாம். அக்குறிப்பை மட்டும் கொண்டு எம்முடிவுக்கும் வர இயலாது. புதிய சோதனையே தேவை.

சோதனை முழுமையற்றது என்பதற்காக அதனைத் தள்ளிப்போடுவதும் தீர்வாகவில்லை. அமெரிக்கா 1990 இல் இரத்தக் கொடையாளரைச் சோதிக்கத் தொடங்கியது. ஐக்கிய இராச்சியம் 1991 செப்டெம்பரில்தான் தொடங்கியது. பொய் நேர்மறை முடிவுகள் மிகுதி என்பதும் உறுதிசெய்யும் சோதனை போதவில்லை என்பதும் அத்தாமதத்துக்குக் கூறப்பட்ட காரணங்களுள் அடங்கும். இடைப்பட்ட காலத்தில் தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டோரும் உண்டு. இது தொடர்பாக 114 பேர் தொடுத்த வழக்கில் 2001 இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் வெளியான தொற்றுள்ள இரத்தம் பற்றிய விசாரணை அறிக்கையும் அத்தாமதத்தைக் கண்டித்தது.

பிறபொருளெதிரி நேர்மறை, ஆர்.என்.ஏ. எதிர்மறை

மிகுதியாகக் காணப்படும் முரண்பாடு இதுவே. இதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. அம்மனிதர் முன்னர் தொற்றுக்கு உள்ளாகித் தாமாகவோ மருந்தாலோ குணமடைந்திருக்கலாம். பிறபொருளெதிரி முடிவு பொய் நேர்மறையாக இருக்கலாம். அல்லது தொற்று இருந்தும் ஆர்.என்.ஏ. அந்நேரத்தில் அகப்படாமல் போயிருக்கலாம். மூன்றாவது அரியது. ஆயினும் தொற்று அண்மையில் ஏற்பட்டிருந்தால் அதனை மறக்கலாகாது. தொற்றின் முதல் சில மாதங்களில் தீநுண்மியின் அளவு ஏறி இறங்கும். இடையில் சில நாள்களோ வாரங்களோ கண்டறிய இயலாத அளவுக்குக் குறைவதும் உண்டு. கடந்த ஆறு மாதங்களுக்குள் ஊசி பகிர்தல் போன்ற வாய்ப்பு நேர்ந்திருந்தால், ஒரே ஓர் எதிர்மறை ஆர்.என்.ஏ. முடிவை இறுதியாகக் கொள்ளாமல் மீண்டும் சோதிப்பது வழக்கம்.

குணமடைந்தவரா, பொய் நேர்மறையா என்ற கேள்விக்கு, அம்மனிதர் எத்தகைய மக்கள் தொகுதியைச் சேர்ந்தவர் என்பது பெரிதும் உதவுகிறது. இதனைக் கற்பனையான ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு சோதனை தொற்றுள்ளோரில் 99 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டறிகிறது எனவும், தொற்று இல்லாதோரில் 0.5 விழுக்காட்டினருக்கு மட்டும் தவறாக நேர்மறை காட்டுகிறது எனவும் கொள்வோம். முதன்முறை இரத்தம் கொடுக்க வந்த 10,000 பேரில் 20 பேருக்குத் தொற்று உண்டு எனில், சோதனை அந்த 20 பேரையும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் தொற்று இல்லாத 9,980 பேரில் ஏறத்தாழ 50 பேருக்கும் நேர்மறை காட்டும். அதாவது நேர்மறை பெற்ற 70 பேரில் 50 பேர் தொற்று இல்லாதவர்கள். அதே சோதனையை, 10,000 பேரில் 4,000 பேருக்குத் தொற்று உள்ள ஒரு தொகுதியில் செய்தால், உண்மையான நேர்மறை 3,960. பொய் நேர்மறை 30 மட்டுமே. சோதனைக் கருவி மாறவில்லை. அதன் முடிவின் பொருள் மாறிவிட்டது. மிகத் துல்லியமான சோதனை என்று விளம்பரப்படுத்தப்படும் ஒன்று, நலமான கொடையாளரிடம் இத்தனை தவறுவது ஏன் என்ற வியப்புக்கு இதுவே விடை.

மற்றொரு துப்பு, சோதனை எழுப்பிய சைகையின் வலிமை ஆகும். பல ஆய்வக அறிக்கைகளில் "ரியாக்டிவ்" என்ற சொல்லுக்கு அருகில் ஓர் எண் இருக்கும். அது நோயாளியின் மாதிரி தந்த சைகையை வரம்பு மதிப்பால் வகுத்துப் பெறப்பட்டது. 1க்குச் சற்று மேலே உள்ள எண் பொய் நேர்மறையாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. எவ்வளவு உயர்ந்தால் ஐயமின்றி நேர்மறை எனக் கொள்ளலாம் என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறுபடும். 2003 இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் சில எலைசா சோதனைகளுக்கு 3.8 எனவும், ஒளியுமிழ் முறையில் அமைந்த ஒரு சோதனைக்கு 8 எனவும் வரம்புகளைத் தந்தது. ஆகவே ஓர் ஆய்வகத்தின் 5 என்ற எண்ணையும் மற்றோர் ஆய்வகத்தின் 5 என்ற எண்ணையும் ஒப்பிட இயலாது. இவ்வெண் தீநுண்மியின் அளவையோ நோயின் கடுமையையோ காட்டுவதன்று என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

பொய் நேர்மறை என்ற ஐயம் எழுந்தால், வேறொரு தயாரிப்பாளரின் பிறபொருளெதிரிச் சோதனையைச் செய்வது பயன்தரும். ஒரே பொய்யான வினை இருவேறு சோதனைகளில் நிகழும் வாய்ப்பு குறைவு.

அயர்லாந்து நிகழ்வு

ஒரே மூலத்திலிருந்து ஒரே தீநுண்மி பரவியபோதும் சோதனை முடிவுகள் எவ்வளவு வேறுபடும் என்பதை அயர்லாந்தில் நிகழ்ந்த துயரம் காட்டுகிறது. ஆர்.எச். எதிர்மறை இரத்தம் உடைய தாய்மாருக்கு, அடுத்த குழந்தையைக் காப்பதற்காக ஆன்டி-டி எனப்படும் ஊசி போடப்படுகிறது. அது மனித இரத்த ஊனீரிலிருந்து தயாரிக்கப்படுவது. 1977-78 காலப்பகுதியில் அயர்லாந்தின் இரத்தமாற்றுச் சேவை தயாரித்த ஆன்டி-டி தொகுதிகள் சில, தொற்றுள்ள ஒருவரின் ஊனீரால் மாசடைந்திருந்தன. அப்போது இத்தீநுண்மிக்குப் பெயரே இல்லை.

1991 இல் அந்நாட்டில் கொடையாளர் சோதனை தொடங்கியது. அதன்பின், மன்ஸ்டர் பகுதியில் நேர்மறை முடிவு பெற்றோருள் ஆர்.எச். எதிர்மறைப் பெண்கள் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதை அப்பகுதி இரத்தமாற்றுச் சேவையின் இயக்குநர் சோன் பவர் கவனித்தார். போதை ஊசியோ இரத்த ஏற்றமோ இல்லாத தாய்மாருக்கு இம்முடிவு வருவதைச் சோதனையின் பிழை எனத் தள்ளிவிட்டிருந்தால் உண்மை வெளிவந்திருக்காது. 1994 பெப்ரவரியில் செய்தி அறிவிக்கப்பட்டு, ஆன்டி-டி பெற்ற பெண்கள் அனைவரும் சோதனைக்கு அழைக்கப்பட்டனர்.

1999 இல் வெளியான ஆய்வின்படி, அதுவரை சோதிக்கப்பட்ட 62,667 பெண்களில் 704 பேரிடம் முன்னைய அல்லது நடப்புத் தொற்றின் சான்று இருந்தது. அவர்களுள் 390 பேரிடம், அதாவது 55 விழுக்காட்டினரிடம் மட்டுமே ஆர்.என்.ஏ. காணப்பட்டது. எஞ்சிய 314 பேரிடம் தொற்றின் தடம் இருந்தது; தீநுண்மி காணப்படவில்லை. தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ 17 ஆண்டுகள் கழிந்திருந்த நிலையில், அவர்களுள் பலர் தாமாகவே குணமடைந்தவர்கள் எனக் கொள்வதே பொருத்தம்.

இதைவிடச் சிக்கலான நிலையும் உண்டு. கிழக்கு ஜெர்மனியிலும் 1978-79 இல் மாசடைந்த ஆன்டி-டி ஊசியால் பெருமளவில் தொற்று பரவியது. அங்கு குணமடைந்த பெண்களை இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, அவர்களுள் பலரிடம் பிறபொருளெதிரிகளும் மறைந்துபோயிருந்தன. தீநுண்மியை அடையாளம் காணும் டி-செல்களின் நினைவு மட்டும் எஞ்சியிருந்தது. இம்முடிவு 2000 இல் வெளியானது. அதாவது இரண்டு சோதனைகளும் எதிர்மறையாக இருந்தாலும், முன்னர் தொற்றே ஏற்படவில்லை என உறுதியாகக் கூற முடியாது.

அயர்லாந்தில் இது சட்டச் சிக்கலாகவும் உருவெடுத்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயம் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. 2006 இல் கொண்டுவரப்பட்ட திருத்தச் சட்டம், தொற்று என்பதை எலைசா முதலிய குறிப்பிட்ட சோதனைகளின் முடிவைக் கொண்டு வரையறுத்தது. ஊசி போடப்பட்ட சில வாரங்களுக்குள் மஞ்சள் காமாலை கண்டவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. மாசடைந்த ஊசி பெற்று உடல்நலம் குன்றியிருந்தும் சோதனையில் எதிர்மறையான பெண்கள் இதனால் விடுபடுவர் என்று நோயாளர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. மருத்துவருக்கு ஒரு துப்பு மட்டுமே ஆகிய சோதனை முடிவு, சட்டத்தின் கண்ணில் வாயிற்கதவு ஆகிவிடும்போது அதன் குறைகள் கூடுதல் எடை பெறுகின்றன.

பிறபொருளெதிரி எதிர்மறை, ஆர்.என்.ஏ. நேர்மறை

இது குறைவாகக் காணப்படுவது. ஆனால் தவறவிட்டால் கேடு மிகுந்தது. தொற்று ஏற்பட்ட 1 முதல் 2 வாரங்களில் ஆர்.என்.ஏ. இரத்தத்தில் தோன்றிவிடுகிறது. பிறபொருளெதிரி கண்டறியத்தக்க அளவுக்கு வர பொதுவாக 8 முதல் 11 வாரங்கள் ஆகும். இவ்விடைவெளி சாளரக் காலம் எனப்படுகிறது. இக்காலத்தில் இருப்பவர் பிறருக்குத் தொற்றைக் கடத்த வல்லவர். ஆனால் வழமையான சோதனை அவரை நலமானவர் எனக் காட்டும். இதனாலேயே அமெரிக்காவில் 1999 முதல் கொடை இரத்தம் ஆர்.என்.ஏ.க்காகவும் சோதிக்கப்படுகிறது. தொற்றுள்ள ஊசி குத்திய மருத்துவப் பணியாளர், மறுநாள் செய்த பிறபொருளெதிரிச் சோதனை எதிர்மறை என்று அமைதியடைவதில் பொருளில்லை. அச்சோதனை அவருடைய முந்தைய நிலையை மட்டுமே பதிவுசெய்கிறது.

நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோரிடம் இந்நிலை ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கலாம். குருதித் தூய்மிப்புச் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளர், உறுப்பு மாற்று பெற்றோர், எச்.ஐ.வி. தொற்று முற்றியோர் ஆகியோரின் உடல் போதிய பிறபொருளெதிரிகளை உருவாக்காமல் இருக்கக்கூடும். காரணம் விளங்காத கல்லீரல் பாதிப்பு இவர்களிடம் காணப்பட்டால், பிறபொருளெதிரி எதிர்மறை என்பதுடன் நிறுத்தாமல் ஆர்.என்.ஏ.யையும் பார்க்க வேண்டும்.

கைக்குழந்தைகளிடம் இதற்கு நேர்மாறான நிலை காணப்படுகிறது. தொற்றுள்ள தாயின் பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் சென்று 18 மாதங்கள் வரை தங்கக்கூடும். அத்தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்கே உண்மையில் தொற்று ஏற்படுகிறது. ஆகவே ஒரு வயதுக் குழந்தையின் பிறபொருளெதிரி நேர்மறை முடிவு, தாயின் நிலையையே கூறுகிறது எனலாம். 2023 இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல், இக்குழந்தைகளுக்கு 2 முதல் 6 மாத வயதில் ஆர்.என்.ஏ. சோதனை செய்யுமாறு பரிந்துரைக்கிறது.

இரு ஆர்.என்.ஏ. முடிவுகள் முரண்படும்போது

ஒரே வகைச் சோதனையின் இரு முடிவுகள் வேறுபடுவதே நோயாளரை மிகவும் குழப்புவது. இதற்கு முதற்காரணம் கண்டறியும் எல்லை ஆகும். 2000களின் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் பல முறைகள் வழக்கில் இருந்தன. கிளைத்த டி.என்.ஏ. முறையின் மூன்றாம் பதிப்பு, ஒரு மில்லிலிட்டரில் 615 அனைத்துலக அலகுகளுக்குக் குறைவான தீநுண்மியை அளக்க இயலாதது. அதே காலத்தில் வழக்கிலிருந்த பண்பறி பி.சி.ஆர். சோதனை ஒன்று 50 அலகுகள் வரை கண்டறிந்தது. 200 அலகுகள் உள்ள ஒருவருக்கு முன்னது "இல்லை" எனவும் பின்னது "உண்டு" எனவும் கூறும். இரண்டுமே தத்தம் அளவில் சரியானவை. இன்றைய சோதனைகள் பெரும்பாலும் 15 அலகுகளையோ அதற்கு அண்மையான அளவையோ எட்டுவதால் இவ்வேறுபாடு சுருங்கிவிட்டது. தீநுண்மியின் உள்ளகப் புரதத்தைத் தேடும் சோதனை விலை குறைந்தது. ஆனால் ஆயிரம் அலகுகளையொட்டிய குறைந்த அளவுகளை அது தவறவிடக்கூடும்.

"கண்டறியப்படவில்லை" என்பதும் "அளவிடும் எல்லைக்குக் கீழ் கண்டறியப்பட்டது" என்பதும் ஒன்றல்ல. முன்னது தீநுண்மியின் தடமே இல்லை என்கிறது. பின்னது, தடம் உண்டு, ஆனால் எண்ணிக்கையை நம்பகமாகக் கூற இயலவில்லை என்கிறது. "15க்குக் குறைவு" என்ற சொற்றொடரை மட்டும் அச்சிட்டு, கண்டறியப்பட்டதா இல்லையா என்பதைச் சொல்லாமல் விடும் அறிக்கைகள் வீண் குழப்பம் விளைவிப்பவை.

அலகுகளும் குழப்பத்துக்கு இடமளித்தன. தொடக்கத்தில் முடிவுகள் மரபுப்பொருளின் படிகளாக எண்ணப்பட்டன. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் முறையில் எண்ணியதால் அவ்வெண்களை ஒப்பிட இயலவில்லை. 1997 இல் உலக நலவாழ்வு அமைப்பு பொதுவான அளவைத் தரம் ஒன்றை ஏற்படுத்தியபின் அனைத்துலக அலகு வழக்குக்கு வந்தது. ஓர் அலகு என்பது முறைக்கு ஏற்ப ஏறத்தாழ 2 முதல் 5 படிகளுக்குச் சமமாக இருந்தது. எனவே பழைய கோப்பில் உள்ள 20 லட்சம் படிகளும் புதிய அறிக்கையில் உள்ள 6 லட்சம் அலகுகளும் ஒரே அளவாக இருக்கலாம்.

தீநுண்மியின் அளவு மடக்கை அளவுகோலில் படிக்கப்பட வேண்டியது. 0.5 மடக்கை, அதாவது ஏறத்தாழ மூன்று மடங்குக்கு உட்பட்ட ஏற்ற இறக்கம் சோதனையின் இயல்பான தளம்பலாகக் கருதப்படுகிறது. 8 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்வது காண்போரைத் திடுக்கிடச் செய்யும். ஆயினும் அது மருத்துவப் பொருளுள்ள மாற்றம் அன்று. மேலும், தீநுண்மியின் அளவு கல்லீரல் எவ்வளவு கெட்டுள்ளது என்பதைக் காட்டுவதில்லை.

மாதிரியைக் கையாளும் முறையாலும் பிழை நேரும். ஆர்.என்.ஏ. எளிதில் சிதைவது. எடுத்த இரத்தத்திலிருந்து ஊனீரைக் காலத்தில் பிரித்துக் குளிரில் வைக்காவிட்டால் அளவு குறையலாம். எப்பரின் என்னும் உறைவெதிர்ப்பி இட்ட குழாயில் இரத்தம் எடுத்தால், அது பி.சி.ஆர். வினையையே தடுத்துப் பொய் எதிர்மறை தரக்கூடும். மாறாக, ஆய்வகத்தில் ஒரு மாதிரியின் நுண்துளி மற்றொன்றில் கலந்தால் பொய் நேர்மறை தோன்றும். எதிர்பாராத வகையில் மிகக் குறைந்த அளவு காட்டும் முடிவைப் புதிதாக எடுத்த இரத்தத்தில் மீண்டும் சோதிப்பது இதனாலேயே.

நொதி அளவுகளும் முரண்பாடும்

கல்லீரல் செல்கள் சிதையும்போது இரத்தத்தில் ஏ.எல்.டி. என்னும் நொதி உயர்கிறது. நாட்பட்ட தொற்று உள்ளோரில் கணிசமானோருக்கு இந்நொதி இயல்பான அளவிலேயே நீண்டகாலம் இருக்கும். சிலருக்கு ஏறி இறங்கும். ஆகவே நொதி இயல்பாக உள்ளதைக் கொண்டு ஆர்.என்.ஏ. நேர்மறை முடிவு தவறு என வாதிட இயலாது. ஆர்.என்.ஏ. எதிர்மறையாக இருந்தும் நொதி உயர்ந்திருந்தால், கொழுப்புக் கல்லீரல், மது, மருந்துகள், பிற தீநுண்மிகள் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்

2013 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோபோசுபுவிர் முதலிய மாத்திரைகள் இந்நோயின் சிகிச்சையை மாற்றியமைத்தன. 8 அல்லது 12 வாரச் சிகிச்சையில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். சிகிச்சை முடிந்து 12 வாரங்கள் கழித்து ஆர்.என்.ஏ. கண்டறியப்படாவிட்டால் நோய் நீங்கியதாகக் கொள்ளப்படுகிறது. முன்னர் இதற்கு 24 வாரங்கள் காத்திருந்தனர்.

இங்கு இரு வகை முரண்பாடுகள் அடிக்கடி எழுகின்றன. சிகிச்சை முடியும் நாளில் சிலருக்கு "எல்லைக்குக் கீழ் கண்டறியப்பட்டது" என்ற முடிவு வருவதுண்டு. இவர்களுள் பெரும்பாலோர் 12 வாரங்களுக்குப் பின் முற்றிலும் குணமடைந்தவர்களாகவே காணப்படுகின்றனர். ஆகவே அம்முடிவு சிகிச்சையின் தோல்வியைக் குறிப்பதன்று. இரண்டாவது, குணமடைந்த ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின் அறுவைச் சிகிச்சைக்கோ வெளிநாட்டு வேலைக்கோ செல்லும்போது பிறபொருளெதிரிச் சோதனை செய்யப்பட்டு "நேர்மறை" என அறிவிக்கப்படுவது. அது எதிர்பார்க்கத்தக்கதே. குணமடைந்தவரைப் பின்தொடர ஆர்.என்.ஏ. சோதனை ஒன்றே பயன்படும். எதிர்மறையான ஆர்.என்.ஏ. அறிக்கையைப் பாதுகாத்து வைத்திருப்பது இத்தகைய நேரங்களில் வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

12 வாரச் சோதனையில் எதிர்மறையாக இருந்தவருக்குப் பின்னர் ஆர்.என்.ஏ. நேர்மறையானால், பழைய நோய் மீண்டெழுந்ததா, புதிய தொற்றா என்ற கேள்வி எழும். முன்பிருந்த மரபணு வகையும் இப்போதைய வகையும் வேறாயின் அது புதிய தொற்று. ஒரே வகையாயின், மரபுப்பொருளின் வரிசையை ஒப்பிட்டே பிரித்தறிய இயலும்.

ஒரே மாதிரியில் இரு சோதனைகள்

முரண்பாட்டைவிடப் பெருஞ்சிக்கல், இரண்டாம் சோதனை செய்யப்படாமலே போவது. பிறபொருளெதிரி நேர்மறை என அறிந்த பலர் ஆர்.என்.ஏ. சோதனைக்குத் திரும்பி வருவதில்லை. எகிப்தில் 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்பிரல் வரை நடந்த நாடளாவிய இயக்கத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் விரல் நுனி இரத்தத்தால் சோதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 22 லட்சம் பேருக்குப் பிறபொருளெதிரி காணப்பட்டது. அவர்கள் ஆர்.என்.ஏ. சோதனைக்கு அனுப்பப்பட்டனர், அச்சோதனை முடித்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு நடப்புத் தொற்று இருந்தது. முதற் சோதனையுடன் நின்றிருந்தால் எஞ்சிய கால்பங்கினரும் நோயாளர் எனக் கருதப்பட்டிருப்பர். 2023 இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், பிறபொருளெதிரி நேர்மறை எனில் நோயாளரை மீண்டும் அழைக்காமல் முதல் வருகையிலேயே எடுத்த இரத்தத்தில் ஆர்.என்.ஏ.யையும் சோதிக்க வேண்டும் என வலியுறுத்தியது. விரல் நுனி இரத்தத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஆர்.என்.ஏ. முடிவு தரும் கருவிக்கு 2024 சூனில் அந்நாட்டில் ஒப்புதல் கிடைத்தது. இந்தியாவில் 2018 சூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசியத் தீநுண்மக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் பிறபொருளெதிரிச் சோதனையை அடுத்து ஆர்.என்.ஏ. சோதனை என்ற வரிசையே பின்பற்றப்படுகிறது.

இரத்தக் கொடையில் மட்டும் அளவுகோல் வேறு. இரத்த வங்கியின் நோக்கம் கொடையாளரின் நோயை அறிவதன்று, பெறுபவரைக் காப்பது. எனவே ஆர்.என்.ஏ. எதிர்மறையாக இருந்தாலும் பிறபொருளெதிரி நேர்மறையானால் அவ்விரத்தம் விலக்கப்படுகிறது. பொய் நேர்மறை பெற்ற கொடையாளர், குறிப்பிட்ட காலம் கழித்து இரு சோதனைகளிலும் எதிர்மறையானால் மீண்டும் இரத்தம் கொடுக்கத் தகுதி பெறும் வழிமுறையை அமெரிக்கா 2010 இல் வகுத்தது. உண்மையில் தொற்றுக்கு உள்ளாகிக் குணமடைந்தவருக்குப் பிறபொருளெதிரி நீடிப்பதால் அவ்வழி பயன்படுவதில்லை.